எலி ஒரு வீட்டுக் காரியமல்ல

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைய கூட்டத்துக்கு ஒட்டிய அறிவிப்பில் "எலி" என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். சம்பளம், போனஸ், வீடு என்று பேசவேண்டிய இடத்தில் எலியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று ஒரு பெரியவர் வாசலிலேயே கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறோம்.

சம்பளம் கைக்கு வரவேண்டுமானால் ஆள் வேலைக்குப் போகவேண்டும். வேலைக்குப் போகிற உடம்பைப் படுக்கையில் தள்ளுகிற நோய்களில் சிலவற்றை நமக்குக் கொண்டுவந்து சேர்ப்பது இந்த எலிதான். அது வீட்டில் அரிசி தின்பதை நாம் பார்க்கிறோம், திட்டுகிறோம். வெட்டுக்காட்டிலும் கால்வாயிலும் அது விட்டுப்போகிற கிருமியை நம் கண்ணால் பார்க்க முடிவதில்லை. ஆகவே அதைப் பற்றி நாம் பேசுவதுமில்லை. உடம்பு கெட்டபின் நஷ்டஈடு கேட்பது சங்கத்தின் வேலை என்றால், உடம்பு கெடாமல் காப்பதும் சங்கத்தின் வேலைதான்.

ஒரு தோழருக்கு நடந்தது

நம் தோழர் ஒருவர். பெயர் வேண்டாம், இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். மழைக் காலம். மூன்று நாள் அடைமழை விட்டு, நாலாம் நாள் விடியலில் வெட்டுக்குப் போனார். மேட்டிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கியது. கையிலிருந்த உளி முழங்காலுக்குக் கீழே கீறிவிட்டது. சின்னக் காயம். பக்கத்துக் கால்வாய்த் தண்ணீரில் கழுவினார், துணியைச் சுற்றினார், மிச்ச மரங்களையும் வெட்டிப் பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஒன்பது நாள் கழித்துக் காய்ச்சல். நல்ல தலைவலி. கெண்டைக்கால் தொட்டால் வலிக்கிறது. மேடு ஏறி இறங்கிய வலி என்று நினைத்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாத சிவப்பு என்று நினைத்துக்கொண்டார். கடையில் பனடோல் வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்கும் போனார். மூன்றாம் நாள் ஒரு கிளினிக்குக்குப் போய், "காய்ச்சல் ஐயா" என்றார். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. சிறுநீர் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே இருந்த டாக்டர், "இவர் என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார். அவருடைய மனைவி, "பால் மரம் வெட்டுறவருங்க. காலிலே உளி பட்ட காயம் இருக்குதுங்க. கால்வாய்த் தண்ணியிலே கழுவினாராம்" என்று சொன்னார். தோழர்களே, அந்த அம்மாள் சொன்ன அந்த மூன்று வார்த்தைதான் அவரைக் காப்பாற்றியது. உடனே ரத்தம் எடுத்தார்கள், பெனிசிலின் ஊசி போட்டார்கள். இரண்டு வாரம் ஆஸ்பத்திரி, அதற்குப் பின் ஆறு வாரம் வீடு. பிழைத்து வந்தார்.

அதற்கு முந்திய ஆண்டு இதே லயத்தில் இன்னொருவர் காய்ச்சலில் போனாரே, அவரை நாம் மறக்கவில்லை. "விஷக் காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டு மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். அது என்ன காய்ச்சல் என்று நாம் கேட்கவில்லை. இன்று கேட்கவும் வழியில்லை. இனி ஒருவர் அப்படிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

எலிக் காய்ச்சல் என்பது என்ன?

நம் தோழருக்கு வந்த நோய்க்கு மருத்துவர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் எலிக் காய்ச்சல் என்கிறோம். மலாய்க்காரர்கள் "கெஞ்சிங் திக்குஸ்" என்கிறார்கள். எலி மூத்திரம் என்று அர்த்தம். மூன்று பெயரில் மலாய்ப் பெயர்தான் விஷயத்தைச் சரியாகச் சொல்கிறது.

இந்தக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, ஓடியாடிக்கொண்டே இருக்கும். ஆனால் அது சிறுநீர் விடும் இடமெல்லாம் கிருமியும் விழுகிறது. வெயிலில் காய்ந்தால் கிருமி செத்துவிடும். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கால் வெடிப்பு, உளிக் கீறல், முள் கிழித்த புண், கண், வாய், மூக்கு ஆகிய வழிகளில் உடம்புக்குள் நுழையும். நாய், மாடு, பன்றி ஆகியவையும் இந்தக் கிருமியைச் சுமப்பதுண்டு. என்றாலும் மனிதனுக்கு அருகில் வாழ்ந்து அதிகமாகப் பரப்புவது எலிதான்.

இனி நம் வேலையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் நெற்றி விளக்கோடு ஈரப் புல்லில் நடக்கிறோம். கையில் கூர்மையான உளி. மழை பெய்தால் மங்குத் தண்ணீரைக் கையால் கொட்டுகிறோம். கால்வாயில் வாளி கழுவுகிறோம், கை கழுவுகிறோம், சில சமயம் முகமும் கழுவுகிறோம். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிற தோழருக்கும், உதிரிப் பழம் பொறுக்குகிற அம்மாளுக்கும் இதே கதைதான். நம் நாட்டு மருத்துவர்கள் பல காலங்களில் தோட்டத் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்திருக்கிறார்கள். ரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் பலருடைய ரத்தத்தில் இந்தக் கிருமி வந்துபோன அடையாளம் இருந்திருக்கிறது. பலருக்கு லேசான காய்ச்சலாக வந்து போய்விடுகிறது. சிலருக்குத்தான் மஞ்சள் காமாலையாகி, சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பிடித்து, உயிருக்கு உலை வைக்கிறது. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இது புதிய நோயும் அல்ல. 1886இல் வைல் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த மஞ்சள் காய்ச்சல் வகையை விவரித்து எழுதினார். 1915இல் ஜப்பானில் இனாடா, இடோ என்ற இருவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நோயை ஆராய்ந்து கிருமியைக் கண்டுபிடித்தார்கள். மலாயாவில் 1920களிலேயே டாக்டர் பிளெட்சர் இந்த நோய் இங்கும் இருக்கிறது என்று எழுதிவிட்டார். கிருமியைக் காட்டிக்கொடுத்ததே ஈரத்தில் உழைத்த தொழிலாளியின் உடம்புதான் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

2010ஆம் ஆண்டு பகாங் மாநிலத்தில் லுபோக் யு என்ற காட்டு ஆற்றுப் பகுதியில் மூழ்கிப்போன ஒருவரைத் தேடப் பலர் இறங்கினார்கள். தேடப் போனவர்களில் பலருக்குக் காய்ச்சல் கண்டது. எட்டுப் பேர் இறந்தார்கள். மெலியாய்டோசிஸ் என்ற மண் கிருமி நோயும், சிலருக்கு அதனோடு எலிக் காய்ச்சலும் சேர்ந்து இருந்ததாகக் கண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 9 முதல், எலிக் காய்ச்சல் கண்டால் மருத்துவர்கள் கட்டாயம் சுகாதார இலாகாவுக்கு அறிவிக்கவேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. 2014 டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்தபோதும், வெள்ளம் வடிந்த பின் இந்த நோய் அதிகரித்தது. மழையும் எலியும் சேருமிடத்தில் இந்த நோய் உண்டு.

புதரில் காத்திருக்கும் இன்னொரு காய்ச்சல்

எலியோடு சம்பந்தப்பட்ட இன்னொரு காய்ச்சல் புதர்க் காய்ச்சல். லாலான் புல்லும் புதரும் மண்டிய இடங்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உண்ணிக் குஞ்சு இருக்கிறது. அது எலியின் காதில் ஒட்டி வளர்கிறது. நாம் புல்லில் உட்கார்ந்து பசியாறும்போது நம்மீது ஏறிக் கடிக்கிறது. கடித்தது தெரியாது, வலிக்காது. பத்து நாள் போனால் காய்ச்சல். கடித்த இடத்தில், இடுப்பிலோ தொடை இடுக்கிலோ அக்குளிலோ, சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கும்.

1920களில் இருந்தே மலாயாவின் தோட்டங்களில் மருத்துவர்கள் இதைக் கவனித்து வந்தார்கள். டைபஸ் என்ற காய்ச்சல் இங்கே இரண்டு வகை என்று அவர்கள் பிரித்தார்கள். ஒன்று பட்டணத்துக் கடைகளில் எலித் தெள்ளுப்பூச்சியால் வருவது. மற்றொன்று காட்டுப் புதரில் வருவது. 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் உள்ளவர்களும், அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் ஸ்மாடல் குழுவினரும் சேர்ந்து குளோரோமைசெட்டின் என்ற மருந்தை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவரை சரியான மருந்தில்லாத நோய் அந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது. உலகத்துக்கே பயன்பட்ட அந்தச் சோதனை நம் மண்ணில் நடந்தது.

இப்போது முக்கியமான விஷயம். எலிக் காய்ச்சலுக்குப் பெனிசிலின் கேட்கும். புதர்க் காய்ச்சலுக்குப் பெனிசிலின் கேட்காது. டாக்சிசைக்ளின் போன்ற வேறு மருந்து வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளில் டெங்கியா, எலிக் காய்ச்சலா, புதர்க் காய்ச்சலா என்று பார்வைக்குத் தெரியாது. டாக்டருக்கு வழிகாட்டவேண்டியது நாம் சொல்லும் சேதிதான். ஆகவே காய்ச்சல் என்று போனால் மூன்று விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். நான் தோட்டத்தில் இன்ன வேலை செய்கிறேன். கடந்த ஒரு மாதத்தில் தண்ணீரில் அல்லது புதரில் இருந்தேன், உடம்பில் இன்ன இடத்தில் காயம் அல்லது பொருக்கு உண்டு. எங்கள் லயத்தில் எலி உண்டு. "காய்ச்சல் ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நிற்க வேண்டாம். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் "கெர்ஜா லாடாங்" என்று மலாயில் சொன்னாலும் போதும். தோட்ட வேலை என்று புரிந்துகொள்வார்.

எலியின் கணக்கு

இனி எதிரியைப் பற்றி. ஒரு பெண் எலி சுமார் மூன்று வாரம் சுமந்து, ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் பத்துக் குட்டி போடுகிறது. ஆண்டுக்கு ஐந்தாறு ஈற்று. அந்தக் குட்டி மூன்று மாதத்தில் தானும் தாயாகிறது. ஓர் எலி ஒரு நாளைக்கு சுமார் 20 கிராம் தின்னும். ஒரு வீட்டைப் பத்து எலி நம்பியிருந்தால் மாதம் 6 கிலோ. அது தின்பதைவிடக் கடித்துக் கெடுப்பதும் சிறுநீர் பட்டு வீணாவதும் அதிகம். நம் அரிசிச் செலவில் எலிக்கும் பங்கு போகிறது.

எலி இருட்டில் சுவரோரமாகவே ஓடும். பழகின பாதையை விடாது. புதிய பொருளைக் கண்டால் இரண்டு மூன்று நாள் சந்தேகப்பட்டு ஒதுங்கும். கட்டைவிரல் நுழைகிற ஓட்டை அதற்குப் போதும். மரம் ஏறும், கம்பியில் நடக்கும், நீந்தும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று புரியவேண்டும். லயத்தில் முப்பது எலி இருந்து இருபதைக் கொன்றுவிட்டோம் என்று வையுங்கள். தீனியும் பொந்தும் அப்படியே இருந்தால், மிஞ்சின பத்தும் வயிறார உண்டு சில மாதத்தில் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். அடிப்பது பாதி வேலைதான். தீனியையும் இருப்பிடத்தையும் ஒழிப்பது மறு பாதி. நாம் இதுவரை அந்த மறு பாதியைச் செய்ததில்லை.

தனித்தனியாகச் செய்தால் என்ன ஆகிறது?

போன ஆண்டு என்ன நடந்தது? எலி தொல்லை பொறுக்காமல் ஒரு வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விஷம் வைத்தார்கள். அடுத்த வீட்டுக் கோழி இரண்டு செத்தது. கோழிக்காரர் சண்டைக்கு வந்தார். விஷம் தின்ற எலி கூரைக்குள் செத்து ஒரு வாரம் நாறியது. பக்கத்து வீட்டிலிருந்து வேறு எலிகள் அந்தக் காலி இடத்துக்குக் குடிவந்தன. செலவு, சண்டை, நாற்றம் மூன்றும் மிஞ்சின, எலியும் மிஞ்சியது.

ஒரே கூரை, ஒரே சாக்கடை, ஒரே குப்பைமேடு. எலிக்கு நம் வீட்டு நம்பர் தெரியாது. முதல் வீட்டில் அரிசியை டின்னில் மூடி வைத்து, நாலாம் வீட்டில் இரவெல்லாம் கோழித் தீவனம் கொட்டிக் கிடந்தால் இரண்டு வீட்டுக்கும் எலி வரும். சம்பளக் கோரிக்கையைத் தனித்தனியாகப் போய்க் கேட்டால் என்ன கிடைக்கும் என்று நமக்குத் தெரியும். எலி விஷயமும் அப்படித்தான்.

நாம் செய்யவேண்டியவை

கமிட்டி கூடி யோசித்து, நாலு வாரத் திட்டம் ஒன்று போட்டிருக்கிறோம்.

முதல் வாரம் பார்வையிடுவது. வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும். லயத்தைச் சுற்றி நடந்து பொந்து, எலிப்பாதை, புழுக்கை, கடித்த கதவு, உடைந்த சாக்கடை மூடி எல்லாவற்றையும் குறித்துக்கொள்வோம். எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பொறி வைப்பது இருட்டில் கல் எறிவது போல.

இரண்டாம் வாரம் தீனியும் இருப்பிடமும். அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் மூடியுள்ள தகர டின்னில் இருக்கவேண்டும். கோழித் தீவனத்தை மாலையில் எடுத்து மூடவேண்டும். நாய்க்கு வைத்த சோறு இரவில் கிடக்கக்கூடாது. விறகையும் பழைய பலகையையும் தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் தூக்கி, சுவரை விட்டுத் தள்ளி அடுக்கவேண்டும். வீட்டைச் சுற்றிய லாலானை வெட்டவேண்டும். ஓட்டைகளைச் சிமெண்டாலோ கால் அங்குலக் கம்பி வலையாலோ அடைக்கவேண்டும். துணியும் கடதாசியும் வைத்தால் எலி சிரிக்கும். தென்னை மரத்தில் ஓர் அடி அகலத் தகரம் சுற்றினால் ஏற முடியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். லயத்துக்குள் பாம்பு வருகிறது என்று அடிக்கடி முறையிடுகிறோம். பாம்பு வருவது எலியைத் தேடித்தான்.

மூன்றாம் வாரம் பொறி. எல்லா வீட்டிலும் ஒரே இரவில் வைக்கவேண்டும். முதல் இரண்டு மூன்று இரவு பொறியை விரிக்காமல், சுட்ட தேங்காயோ கருவாடோ மட்டும் வைத்து எலியைப் பழக்குங்கள். பிறகு விரியுங்கள். அடிப்பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனி வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்கவேண்டும். வீட்டுக்கு ஒரு பொறி போதாது; மூன்று நாலு வேண்டும். நல்ல வேட்டை முதல் சில இரவில்தான் கிடைக்கும்.

நாலாம் வாரம் மறுபடி பார்வை. பிறகு மாதம் ஒரு முறை.

செத்த எலியை வாலைப் பிடித்துக் கால்வாயில் வீசுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். கிருமியை நாமே தண்ணீரில் கலக்கிறோம். கூண்டில் பிடித்த எலியைச் சாக்கடையில் அமுக்குவதும் அதே தவறுதான். எலி செத்ததும் அதன்மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி வேறு உடம்பைத் தேடும். ஆகவே கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, குளோரக்ஸ் கலந்த தண்ணீரை எலிமேல் ஊற்றி, பையில் கட்டி, தண்ணீர்த் துறைக்கு எட்டத்தில் ஆழக் குழி வெட்டிப் புதைக்கவேண்டும். ஒரு பங்கு குளோரக்ஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். புழுக்கை கிடக்கும் இடத்தைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். அந்தத் தண்ணீரைத் தெளித்து நனைத்துத் துடையுங்கள்.

வெட்டுக்காட்டில் மூன்று காரியம். காயமிருந்தால் தண்ணீர் புகாத கட்டுப் போட்டு, பூட்ஸ் மாட்டிப் போங்கள். கால்வாய்த் தண்ணீரில் முகமும் காயமும் கழுவாதீர்கள். வீட்டிலிருந்து ஒரு போத்தல் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். பசியாற உட்காரும்போது புல்லில் உட்காராமல் பலகையிலோ விரிப்பிலோ உட்காருங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து உடை மாற்றுங்கள்.

விஷமும் கூகையும்

விஷம் கூடாதா என்று கேட்பீர்கள். வேண்டியிருக்கலாம். ஆனால் அது கடைசி ஆயுதம். 1950களில் வார்பரின் என்ற மருந்து பரவியது. தின்ற எலி சில நாள் கழித்து உள்ளே ரத்தம் கசிந்து சாகும். 1980களில் நம் நாட்டு எலிகளில் சில அதற்கு மசியவில்லை என்று கண்டார்கள். அதன்பின் அதைவிடக் கடுமையான மருந்துகள் வந்தன. அவற்றைத் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பறவைக்கும் பூனைக்கும் அந்த விஷம் போய்ச் சேர்கிறது.

ஆகவே எங்கள் தீர்மானம் இது. விஷம் வைப்பதானால் நிர்வாகத்தின் பொறுப்பில், பழகின ஆள், பூட்டிய பெட்டிக்குள், எல்லா வீட்டுக்கும் முன்கூட்டி அறிவித்து வைக்கவேண்டும். யாரும் தனியாக வாங்கிவந்து சோற்றில் பிசைந்து வைக்கவேண்டாம். வீட்டில் விஷப் புட்டியும் இருக்கவேண்டாம். பிள்ளைகள் இருக்கிற வீடு. மனக்கஷ்டம் வந்த நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் அது இருந்து எத்தனை குடும்பம் அழிந்தது என்பது நமக்குத் தெரியும்.

இப்போது கூகை. கூகை அலறினால் சாவு வரும் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மலாய்க்காரர்களும் ஆந்தையைப் பேய்ப் பறவை என்றே அழைக்கிறார்கள். வெள்ளை முகத்தோடு இரவில் சத்தமில்லாமல் பறப்பதைக் கண்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது தின்பது ஏறக்குறைய முழுவதும் எலிதான். ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளுமாக ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் எலியைத் தின்னும் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் பல செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு மரப் பெட்டி வைத்துக் கூகையைக் குடியேற்றியிருக்கிறார்கள். வீட்டுக் கூரைக்குள் இருக்கும் எலியை அது பிடிக்காது. அது நம் வேலை. வெளிக்காட்டு எலியை அது பார்த்துக்கொள்ளும். பையன்கள் கெட்டாப்பு வைத்து அதை அடிக்கக்கூடாது. கூகை அலறி நம் லயத்தில் யாரும் சாகவில்லை. எலியால் ஒருவர் சாகக் கிடந்தார்.

நிர்வாகத்தின் பங்கு, கிராணிமாரின் பங்கு

தொழிலாளியின் அசுத்தத்தால்தான் எலி என்று சொல்லிக் கைகழுவப் பார்ப்பார்கள். நம் பங்கை நாம் செய்துவிட்டுப் பேசினால் அந்தப் பேச்சு எடுபடாது. உடைந்த சாக்கடை, மூடியில்லாத குப்பைத் தொட்டி, ஓட்டை விழுந்த கூரை, நிரம்பி வழியும் குப்பைக் குழி ஆகியவற்றை நாம் சரிசெய்ய முடியாது. அவை நிர்வாகத்தின் கடமை. தோட்டக் குடியிருப்புக்கு வேண்டிய வசதிகளை முதலாளி செய்யவேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் குடியிருப்பு, வசதிகள் சட்டம் சொல்கிறது. நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்கவேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் எலி விஷயத்தை எழுத்தில் வைப்போம். முதல் வாரப் பார்வையில் எடுக்கும் குறிப்புதான் நம் கோரிக்கை மனு.

கிராணிமார்களிடம் ஒரு வேண்டுகோள். நம் தோழர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் செக்ரோலில் "வரவில்லை" என்றுதான் பதிவாகியிருந்தது. எந்தக் காட்டில் வெட்டினார், எந்த நாளில் காயம்பட்டார் என்பதற்கு ஒரு வரி எழுத்தில்லை. வேலையால் வந்த நோய் என்று காட்டினால் சொக்சோவில் உரிமை கோரலாம். காட்டுவதற்குக் காகிதம் வேண்டுமே! அந்தக் காகிதத்துக்காக அவர் நடந்த நடை கொஞ்சமல்ல. இனிமேல் சின்னக் காயமானாலும் தொழிலாளி அன்றே வந்து சொல்லவேண்டும். கிராணியார் அன்றே எழுதவேண்டும். காய்ச்சலில் விழுந்தவர்களுக்கு ஒரு தனிப் புத்தகம் வையுங்கள்: தேதி, வீட்டு நம்பர், வெட்டுக்காட்டு நம்பர். ஒரே மாதத்தில் ஒரே காட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல் என்று புத்தகம் காட்டினால், நாலாமவரை நாம் காப்பாற்றலாம்.

வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு உழைப்பவர்களையும் விட்டுவிடக்கூடாது. அவர்கள் குடியிருக்கும் கொட்டகையிலும் இதே எலிதான். அவர்களுக்கும் 2019 ஜனவரி முதல் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டம் உண்டு. நான் சொன்ன மூன்று சேதியை மலாயிலும் வங்காளத்திலும் எழுதிப் பெரட்டுக் களத்தில் ஒட்டப்போகிறோம். எழுதத் தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

தோழர்களே, வாசலில் கேள்வி கேட்ட பெரியவருக்கு எங்கள் பதில் இதுதான். சங்கம் எலியைப் பற்றிப் பேசுவது, அந்த எலியை ஒரு வீடு தனியாக ஒழிக்க முடியாது என்பதால். நாற்பது வீடு சேர்ந்தால் முடியும்.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோயில் முன்னால் கூடுவோம். வீட்டுக்கு ஒருவர். மண்வெட்டி, பாராங் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். பூட்ஸ் போட்டு வாருங்கள். காலில் காயமுள்ளவர்கள் கட்டிக்கொண்டு வந்து, புல்வெட்டாமல் குறிப்பு எழுதுங்கள். தேநீர் கமிட்டியின் பொறுப்பு.